சாய்வை மலையில்தான் அளக்க வேண்டும்

நிலவியல் இளநிலை மாணவர்களுக்குச் சம உயரக் கோடுகளைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அந்தக் கோடுகளுக்குள் ஒரு மலை நிற்பது என் கண்ணுக்குத் தெரியாமலே நடத்தினேன். கூட வேலை பார்த்தவர்களிடம்கூட இதைச் சொன்னதில்லை.

விதிகள் எல்லாம் அத்துபடி. கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்தான சரிவு, விலகி நின்றால் மெல்லிய சரிவு. கோடு மேட்டை நோக்கி வளைந்து முனை காட்டினால் அது ஓடை. ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவிலான சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட்டில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உயர வித்தியாசம் 20 மீட்டர். குறுக்குவெட்டு வரையச் சொன்னால் காகிதப் பட்டையை வைத்து, புள்ளிகளைக் குறித்து, வரைகட்டத் தாளில் ஏற்றி, சுத்தமாக முடித்துவிடுவேன். படிக்கும் காலத்தில் செய்முறைத் தேர்வில் எனக்கு மதிப்பெண் குறைந்ததே இல்லை. ஆனால் ஷீட்டைப் பார்த்த மாத்திரத்தில் மலை எழுந்து நிற்க வேண்டுமே, அது நடக்கவில்லை. எங்கள் பேராசிரியர் ஷீட்டின் மேல் விரலை ஓட்டி, “இந்தப் பக்கம் ஏறினால் மூச்சு வாங்கும், அந்தக் கணவாய் வழியாகப் போனால் நிழல் இருக்கும்” என்பார். நாங்கள் தலையாட்டுவோம். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்பதை வெளியில் காட்டாமல் பட்டம் வாங்கி, வேலைக்கும் வந்துவிட்டேன். எனக்கு இந்தத் துறைக்கான மூளை இல்லை என்றே உள்ளுக்குள் நம்பியிருந்தேன்.

வகுப்பில் முகங்களைப் பார்க்கும்போது தெரியும். வாழப்பாடியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் அதே மாதிரி தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலின் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் இருந்தது விதிகள் மட்டும்தான், அவற்றையே கொடுத்தேன்.

கூகுள் எர்த் 2005-இல் வெளிவந்தது. எங்கள் துறைக்கு இணைய வசதியோடு ஒரு கணினி வந்து, அதில் அது ஓடத் தொடங்கச் சில ஆண்டுகள் ஆயின. ஒரு மாலை, மாணவர்கள் போன பிறகு, சேலத்தை ஒட்டியிருக்கும் கஞ்சமலையைத் தேடி எடுத்து, படத்தைச் சாய்த்தேன். மலை எழுந்தது. பக்கத்தில் டோப்போ ஷீட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கோட்டை மட்டும் எடுத்து, திரையில் அந்த உயரத்திலேயே மலையைச் சுற்றி வந்தேன். ஓடை வந்த இடத்தில் கோடு உள்ளே ஒதுங்கியது, முகடு வந்த இடத்தில் வெளியே தள்ளியது. மலையைத் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீர் 20 மீட்டர் ஏறும்போதெல்லாம் கரையைக் கோடாகக் குறித்தால் கிடைப்பதுதான் அந்த ஷீட். இந்த விளக்கத்தை நானே வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அது எனக்குப் புரிந்தது. அறையில் வேறு யாரும் இல்லாததால் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதனால்தான், “கம்ப்யூட்டர் வந்து பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது, நாங்கள் எல்லாம் வெறும் திசைகாட்டியோடு அலைந்து படித்தோம்” என்று மூத்தவர்கள் சொல்லும்போது என்னால் சேர்ந்து பேச முடிவதில்லை. வெறும் திசைகாட்டியோடு அலைந்து, பார்க்கத் தெரியாமலே பட்டம் வாங்கியவள் நான். எனக்குப் பார்வை கொடுத்தது ஒரு திரை.

திரையை நம்பி வகுப்பு நடத்தத் தொடங்கியபோது ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். அரசுக் கல்லூரிக்கு இது சின்ன விஷயமல்ல. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி ஆகின. 2009-இல் இஸ்ரோ ‘புவன்’ தளத்தைத் திறந்தது. பழைய டோப்போ ஷீட்டை ஸ்கேன் செய்து, மூலைகளின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்து ஏற்றினோம். ஏற்றிப் பார்த்தால் ஷீட்டின் சாலைச் சந்திப்பு பக்கத்து வயலுக்குள் விழுந்தது. ஸ்கேனில்தான் கோளாறு என்று பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சரிசெய்தார்கள். கோளாறு பூமியின் வடிவத்தை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதில் இருந்தது. 1802-இல் லாம்டன் சென்னையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவை, எவரெஸ்ட் பெயரால் வழங்கும் நீள்கோளத்தின் மேல் கட்டப்பட்டது. பழைய ஷீட்டுகள் அந்த அடிப்படையில் அமைந்தவை. ஜிபிஎஸ் கருவி பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கு. நம் பக்கத்தில் இரண்டுக்கும் இடையே நூறு மீட்டருக்கு மேல் விலகல் வரும். 2005-ஆம் ஆண்டு நிலவரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த புதிய வரிசை ஷீட்டுகளில்தான் இந்தச் சிக்கல் இல்லை. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் மனப்பாடம் செய்து கடந்துபோகும் இந்தச் சங்கதியை, தன் ஊர்ச் சாலை வயலுக்குள் கிடப்பதைப் பார்த்த பிள்ளை மறக்கவே மாட்டாள்.

இவ்வளவும் திரையின் வரவு. இனிச் சொல்லப்போவது கஞ்சமலையின் கதை.

அடிவாரத்தில் சித்தர் கோவில், ஒரு பக்கம் சேலம் இரும்பாலை. கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் மலை. கருப்பும் வெள்ளையுமாக மெல்லிய வரிகள் அடுக்கிய மேக்னடைட் குவார்ட்சைட் என்ற இரும்புப் பாறை அதில் பட்டைபட்டையாக ஓடுகிறது. கருப்பு வரி மேக்னடைட், வெள்ளை வரி குவார்ட்ஸ். செயற்கைக்கோள் படத்தில் அந்தப் பட்டைகள் மலையைச் சுற்றி நீள்வட்டமாக வளைந்து திரும்புவது தெரியும். மடிப்பு என்று சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். இறுதியாண்டு வகுப்பில் எல்லாருமே சொல்லிவிட்டார்கள். என்ன மடிப்பு என்று கேட்டதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

“குமிழ் மாதிரி எழும்பின மடிப்பு மேடம். மலைதானே, மேலதானே தூக்கி நிக்குது.”

“இல்ல மேடம், தொட்டி மாதிரி உள்வாங்கின மடிப்பு. மேல இருந்து வெட்டினாலும் வளையம்தானே தெரியும்?”

இரண்டாவது பிள்ளை சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. குமிழின் தலையைச் சீவினாலும் வளையம், தொட்டியின் விளிம்பைச் சீவினாலும் வளையம். மேலிருந்து எடுத்த படத்துக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாறை அடுக்குகள் மலைக்கு உள்பக்கமாகச் சாய்கின்றனவா, வெளிப்பக்கமாகச் சாய்கின்றனவா என்று தெரிந்தால் வழக்கு முடிந்தது. அந்தச் சாய்வை, நாங்கள் ‘டிப்’ என்று சொல்வதை, அளக்க மலைக்குப் போனோம்.

வனத்துறை அனுமதி வாங்கி, வெயில் ஏறுவதற்குள் சரிவில் ஏறி, முதல் பட்டையை அடைந்தோம். ஒரு மாணவன் பிரன்டன் திசைகாட்டியைப் பாறையின் மேல் வைத்தான். முள் ஒரு பக்கம் காட்டியது. ஓரடி தள்ளி வைத்தான், வேறு பக்கம் காட்டியது. இன்னொருத்தி போனில் இருந்த செயலியைத் திறந்து பாறையின் மேல் வைத்தாள். எண் நிலைகொள்ளாமல் ஓடியது. போனை எட்டு வடிவில் ஆட்டிச் சரிசெய்து பார்த்தாள், காந்தம் பதித்த உறையைக் கழற்றிப் பார்த்தாள், பயனில்லை. மேக்னடைட் பெயரிலேயே காந்தம் இருக்கிறது. பித்தளைக் கருவியின் முள்ளானாலும் போனுக்குள் இருக்கும் காந்த உணரியானாலும் அந்தப் பாறைக்கு முன்னால் ஒன்றுதான்.

அங்கேயே உட்கார்ந்து யோசித்தோம். எது கெட்டது, எது கெடவில்லை? திசை கெட்டது. சாய்வு கெடவில்லை. சாய்வை அளக்கும் பகுதி, பிரன்டனிலும் சரி போனிலும் சரி, புவியீர்ப்பை நம்பி இயங்குவது. காந்தத்துக்கு அங்கே வேலையில்லை. ஆகவே சாய்வின் கோணத்தைப் பாறையிலேயே அளந்தோம். திசைக்கு என்ன செய்வது? பாறை அடுக்கு எந்தத் திசையில் நீண்டு போகிறது என்பதை, ‘ஸ்ட்ரைக்’ என்று நாங்கள் சொல்வதை, படத்திலிருந்து எடுக்கலாம் என்றாள் ஒருத்தி. பட்டை ஓடும் திசையை அப்படியே எடுத்தால் சரிவில் தப்பு வரும். ஒரே அடுக்கில் ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால்தான் ஸ்ட்ரைக். ஒரே உயரம் வேண்டுமென்றால் சம உயரக் கோடு வேண்டும். ஒரு கோட்டின் மேல் பட்டை வெட்டும் இரண்டு இடங்களைக் குறித்து, சேர்த்து, கோணத்தைப் படித்தார்கள். திசை மலையிலிருந்து கிடைக்கவில்லை, திரையிலிருந்து கிடைத்தது. கோணம் திரையிலிருந்து கிடைக்கவில்லை, பாறையிலிருந்து கிடைத்தது. வடபக்கத்து அடுக்குகள் தெற்கே சாய்ந்தன. தென்பக்கம் போனபோது அவை வடக்கே சாய்ந்தன. தொட்டி மடிப்பு.

அந்தக் குழுவில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தான். இறங்கும்போது கேட்டான்: “உயரத் தரவுதான் இலவசமா கிடைக்குதே மேடம். ஒரே அடுக்குல வேற வேற உயரத்துல மூணு புள்ளி எடுத்தா டிப்பும் கணக்குல வந்துடும். எதுக்கு ஏறணும்?”

நல்ல கேள்வி. கணக்கு சரி. ஆய்வகத்துக்கு வந்து செய்து பார்க்கச் சொன்னேன். பல இடங்களில் அவன் கணக்கும் மலையில் அளந்ததும் ஒத்துப்போகவில்லை. முதல் காரணத்தை அவனே கண்டுபிடித்தான். இலவச உயரத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர், இரும்புப் பட்டை பல இடங்களில் அதைவிடக் குறுகல். இரண்டாவது காரணத்தை அவனால் திரையில் கண்டுபிடிக்க முடியவில்லை. படத்தில் பட்டையின் கீழ் விளிம்பு என்று அவன் குறித்த இடங்களில் பாறையே கிடையாது. மேலிருந்து உடைந்து உருண்டு வந்த இரும்புக் கற்கள் சரிவெல்லாம் பரவி, கருப்பு நிறத்தைக் கீழே இழுத்து வந்திருந்தன. இருந்த இடத்திலேயே இருக்கும் பாறையா, உருண்டு வந்து கிடக்கும் கல்லா என்பதை நின்று பார்த்து, கையால் அசைத்து, அடுக்கு பக்கத்துப் பாறையோடு தொடர்கிறதா என்று சரிபார்த்தால்தான் தெரியும். நிலவியலில் முதல் நாளே கற்றுத் தருவது இதுதான். எவ்வளவு உயரத்திலிருந்து எடுத்த படமும் இதைச் சொல்லாது.

எல்லா இடமும் கஞ்சமலை போல் மேலிருந்து பேசுவதும் இல்லை. அரியலூர்ப் பக்கம் போனால் தெரியும். உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அங்குள்ள கிரிட்டேசியஸ் காலப் படிவுகளை மூன்றாகப் பிரித்து, 1862-இல் வெளியிட்டவர் பிளான்ஃபோர்டு. இன்றைக்கும் அந்தப் பெயர்களிலேயே நடத்துகிறோம். அடுக்குகள் மிக மெல்லச் சாய்பவை. மேலே கரிசல், பருத்தி, மக்காச்சோளம், சீமைக் கருவேலம். காரை ஊருக்குப் பக்கத்தில் மழைநீர் அரித்த களிமண் ஓடைகள் மட்டும் படத்தில் பளிச்சென்று தெரியும். மற்ற இடங்களில் ஒரு படிவு முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை திரையில் இல்லவே இல்லை. நிறக் கலவை மாற்றிய படத்தில் செடிகொடிகள் சிவப்பாகத் தெரியும். அதைச் செம்மண் என்று எடுத்துக்கொண்டு எல்லை வரைந்து வருகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருப்பார்கள். அங்கே எல்லையைச் சொல்வது காலடியில் கிடக்கும் சிப்பியும் அம்மோனைட்டும்தான்.

ஆனால் அதே கரிசல் காட்டிலும், சேலம் நாமக்கல் பக்கத்துச் செம்மண் காட்டிலும், திரை ஒரு பெரிய உதவி செய்கிறது. பாறை வெளியே தெரியாத சமவெளியில் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய ஒரு வழி, கிணறு. கிணறு வெட்டியவர்கள் தோண்டிய கல்லையும் மண்ணையும் பக்கத்திலேயே குவித்திருப்பார்கள். தெளிவான படத்தில் கிணறு ஒரு கருஞ்சதுரம், பக்கத்தில் வெளிர் நிறக் குவியல். மாணவர்கள் முதலில் திரையில் கிணறுகளைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கிணற்றுக்கும் நடந்து போய்க் குவியலைப் பார்க்கிறார்கள், உள்சுவரை எட்டிப் பார்க்கிறார்கள், தோட்டக்காரரிடம் கேட்கிறார்கள். “எத்தனை அடியில கல்லு வந்துச்சுங்க ஐயா? என்ன கல்லு?” அவர் சொல்வார், எத்தனையாவது அடியில் வெடி வைத்தார்கள், எங்கே ஊற்று வந்தது, பக்கத்துக் கிணறு ஏன் வறண்டது என்பதுவரை. எந்தத் தளத்திலும் இந்தத் தரவு கிடையாது. எந்தக் கிணற்றுக்குப் போவது என்பதை நடந்தே தேடியிருந்தால் ஒரு பருவம் போதாது.

2020-இல் கல்லூரி மூடியபோது ஒரு வகுப்பு மலையையே பார்க்காமல் கள ஆய்வுப் பாடத்தை முடித்தது. கையில் இருந்த படங்களையும் கூகுள் எர்த்தையும் வைத்து எங்களால் முடிந்ததைச் செய்தோம். அந்தப் பிள்ளைகள் வரைந்த வரைபடங்கள் எனக்குக் கிடைத்தவற்றிலேயே அழகானவை. கல்லூரி திறந்த பிறகு அவர்களில் சிலரைக் கஞ்சமலைக்கு அழைத்துப் போனேன். தன் வரைபடத்தில் கஞ்சமலையை நேர்த்தியாக வரைந்திருந்த ஒரு பெண், கைப்பிடி அளவு இரும்புக் கல்லை எடுத்தவள், அதன் கனம் தாங்காமல் இன்னொரு கையையும் கொடுத்தாள். “இவ்ளோ வெயிட்டா மேடம்?” என்றாள். அவளுடைய வரைபடத்தில் அந்தக் கல் ஒரு நிறம் மட்டும்தான்.

அதற்குப் பிறகு எங்கள் கள ஆய்வில் சில பழக்கங்களைக் கண்டிப்பாக்கினேன். போவதற்கு முன் ஒவ்வொருவரும் படத்தைப் பார்த்து, அங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கேள்வியை எழுதி வர வேண்டும். கேள்வி இல்லாமல் பஸ் ஏறக்கூடாது. பாறையை அடைந்ததும் போன் பைக்குள் போய்விட வேண்டும். குறிப்பேட்டில் பென்சிலால் ஓவியம் வரைந்து முடித்த பிறகுதான் வெளியே வரும். புகைப்படம் எடுத்தவன் பாறையைப் பார்ப்பதில்லை, வரைகிறவன் பார்க்காமல் இருக்க முடியாது.

இன்னொன்று கோடு பற்றியது. அதில்தான் நான் மிகவும் கண்டிப்பு. காகிதத்தில் வரைபடம் போட்ட காலத்தில், நேரில் பார்த்த எல்லைக்கு முழுக்கோடு, ஊகித்த எல்லைக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு, மண்ணுக்குள் மறைந்ததற்குப் புள்ளிக்கோடு. பார்க்கிறவருக்கு, வரைந்தவர் எங்கே நடந்தார், எங்கே நடக்கவில்லை என்று தெரியும். மென்பொருளில் பிள்ளைகள் வரையும்போது எல்லாக் கோடும் ஒரே தடிமனில், ஒரே உறுதியோடு வருகிறது. பரப்பாக நிறம் தீட்ட வேண்டுமானால் வளையம் மூடியே தீர வேண்டும், அதனால் தெரியாத இடத்திலும் ஒரு கோட்டை இழுத்து மூடிவிடுகிறார்கள். மூடியவுடன் அது உண்மை மாதிரி ஆகிவிடுகிறது. ஆகவே எங்கள் தரவு அட்டவணையில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கட்டம் கூடுதலாக வைத்தோம்: தொட்டது, தூரத்திலிருந்து பார்த்தது, படத்தில் பார்த்தது, ஊகம். அந்தக் கட்டத்தை நிரப்பாத வரைபடத்தை நான் திருத்துவதில்லை. நாளைக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருவர் குடிநீர்க் கிணற்றுக்கோ சுரங்கத்துக்கோ இடம் குறித்துக் கொடுக்கப்போகிறவர். எது பார்த்தது, எது நினைத்தது என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு இப்போதே வர வேண்டும்.

ஏற முடியாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விபத்தில் கால் பாதிக்கப்பட்ட ஒரு மாணவன் எங்களிடம் படித்தான். முன்பெல்லாம் அப்படிப்பட்டவரைத் துறையிலேயே உட்காரவைத்து, மற்றவர்கள் கொண்டுவரும் கற்களுக்குச் சீட்டு ஒட்டச் சொல்வோம். அவன் போவதற்கு முன்பே மலையின் ஒவ்வொரு ஓடையையும் படத்தில் படித்து வைத்திருந்தான். அடிவாரத்துச் சாலை வெட்டில் பாறை தெரியும் இடங்களைக் கண்டுபிடித்து, அங்கே நின்று தானே அளந்தான். மேலே போன குழுவிடம் போனில், “அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் பட்டை துண்டாகுது, அங்க பாருங்க” என்று வழி சொன்னான். அன்றைய வரைபடத்தில் பாதி அவனுடையது. மலையை அவனிடம் கொண்டுவந்தது திரை. சாலை வெட்டில் பாறையைத் தொட்டு அளந்ததும் அவன்தான். இரண்டில் எது இல்லாமல் போயிருந்தாலும் அவன் நிலவியலாளன் ஆகியிருக்க மாட்டான்.

பெண் பிள்ளைகளுக்கு வேறு தடை. இரவு தங்க வேண்டும் என்றதும் வீட்டில் கையெழுத்து கிடைக்காது. “அதான் கம்ப்யூட்டர்லயே பாக்கலாமாமே, எதுக்குக் காட்டுக்கும் மேட்டுக்கும் போகணும்?” என்று ஒரு தகப்பனார் என்னிடமே கேட்டார். மென்பொருளின் பெருமையை வகுப்பில் நான் பேசியது, அவர் வாயில் அவருடைய மகளைத் தடுக்கும் காரணமாக வந்து நின்றது. அன்று அவரிடம் நீண்ட நேரம் பேசினேன், அவர் கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஆனால் இதே கேள்வி இப்போது கல்லூரிகளிலும் கேட்கிறது, பாடத்திட்டம் போடும் கூட்டங்களிலும் கேட்கிறது. திரையிலேயே பார்க்கலாம் என்றால் கள ஆய்வுக்கு எதற்கு இத்தனை நாள், எதற்கு இவ்வளவு செலவு என்கிறார்கள்.

கியூஜிஐஎஸ் இலவசம், செயற்கைக்கோள் படம் இலவசம், உயரத் தரவு இலவசம். காசு கேட்பது பஸ் வாடகையும், தங்கும் இடமும், சாப்பாடும்தான். பாடத்திட்டக் குழுவில் இருக்கிறவர்களிடமும், கல்லூரி நிதியைக் கையாளுகிறவர்களிடமும் என் வேண்டுகோள் இதுதான்: மென்பொருளைக் காட்டிக் கள ஆய்வு நாட்களைக் குறைக்காதீர்கள், மென்பொருளால் மிச்சமான பணத்தைப் பஸ்ஸுக்குக் கொடுங்கள். பெற்றோர்களே, உங்கள் மகள் அனுமதிக் கடிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.